மதில் போன இடம்

பெரம்பலூரில் ஏறி, அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் இன்னொரு தடவை மாறி, ஒருவழியாகக் கங்கைகொண்டசோழபுரம் போய் இறங்கினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோரப் புளியமரங்கள் சிமெண்ட் தூசியில் வெளுத்திருந்தன. மூன்று பஸ் மாறிய எரிச்சலில் கோயிலுக்குள் போகாமல் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, என்ன இல்லை என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்தவர்களுக்கு இங்கே வந்ததும் ஒரு குறை தென்படும். விமானம் இருக்கிறது, நந்தி இருக்கிறது, பெரிய புல்வெளி இருக்கிறது. தஞ்சையில் நம்மை உள்ளே வாங்கிக்கொள்ளும் அந்த உயர்ந்த கருங்கல் மதிலும் இரண்டடுக்குத் திருச்சுற்றும் இங்கே கிட்டத்தட்ட இல்லை. வடபக்கத்தில் கொஞ்சம் மிச்சம். வாசல் கோபுரத்தின் இடத்தில் அடிப்பகுதி மட்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, மதிலெல்லாம் எப்ப விழுந்தது?" என்று கேட்டேன்.

"விழலைங்க தம்பி. கொண்டுபோயிட்டாங்க. மதிலைப் பாக்கணும்னா நீங்க அணைக்கரைக்குத்தான் போகணும்."

ஏதோ நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். நடந்தது 1836-இல்.

பள்ளிப் பாடப் புத்தகம் வரலாற்றை மைல்கற்களாக நட்டுவைத்திருக்கும். 1025, ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு. 1751, கர்நாடகப் போர். 1801, கம்பெனி ஆட்சி. 1836, கொள்ளிடத்து அணை. தேர்வுக்கு ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்தால் போதும். ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. போர், கடன், தொழில்நுட்பம் என்று தனித்தனிப் பாடமாகப் படித்தவை எல்லாம் அந்த ஒரு மதில் வழியாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கின்றன. அதை ஒரு முனையிலிருந்து பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

*

முதலில் கல் இங்கே வந்த கதை.

ராஜேந்திர சோழன் 1014-இல் பட்டத்துக்கு வந்தவன். அவனுடைய படை வடக்கே கங்கை வரை போய் வெற்றியோடு திரும்பியது ஏறத்தாழ 1023-இல். அந்த வெற்றியின் பெயரில்தான் இந்த ஊர். அடுத்து 1025-இல் கப்பல் படை. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அந்தப் படை போன துறைகளைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்லும். இன்றைய சுமத்ரா, மலேயா, தெற்குத் தாய்லாந்து, நிக்கோபார் பகுதிகள். வங்கக்கடலைத் தாண்டி ஒரே படையெடுப்பில் இத்தனை துறைகளை அடித்த கடற்படை அதற்கு முன் இந்தியக் கரையிலிருந்து போனதில்லை.

ஏன் போனான் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஒன்று வணிகம். சோழநாட்டுக்கும் சீனாவுக்கும் நடுவில் மலாக்கா நீரிணை. அதன் சாவி ஸ்ரீவிஜயத்தின் கையில். முன்பு இரண்டு அரசுகளும் நட்பாகத்தான் இருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்த நட்பு ஒரு தலைமுறை கூடத் தாங்கவில்லை. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீன அரசவையை அடைந்தது. பத்து வருஷத்தில் படை போகிறது. படைக்குப் பின்னாலேயே வணிகர்களும் அங்கே நிலைத்தார்கள். சுமத்ராவின் பாரூஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் தமிழிலேயே கல்வெட்டு வெட்டிவைத்திருக்கிறது.

இன்னொரு விளக்கம் ஜார்ஜ் ஸ்பென்சருடையது. சோழர் படையெடுப்புகளைக் கொள்ளைப் பொருளாதாரமாகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். வரி வசூலிக்கும் வலுவான இயந்திரம் இல்லாத அரசு, வெளியிலிருந்து செல்வத்தைக் கொண்டுவந்து உள்ளே பங்கிட்டுத் தன் பிடியைத் தக்கவைத்துக்கொள்கிறது என்பது வாதம். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கொண்டுவந்த செல்வம் எங்கே போனது என்று பார்த்தால் அந்த வாதத்தில் கொஞ்சம் பசை இருப்பது தெரியும். அது கோயிலுக்குப் போனது. கோயில் வெறும் கருவூலமாக இல்லை, கடன் கொடுத்தது. தஞ்சைக் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு துல்லியமாக இருக்கிறது. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகள் முதலாக வாங்கிக்கொள்கின்றன. வருஷத்துக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் வட்டி. பல ஊர்கள் அதை நெல்லாகவோ வேறு பொருளாகவோ அளந்தன. முதல் கோயிலுடையது, அதை ஊரார் திருப்பிக் கட்டி முடிப்பதே இல்லை, வட்டி மட்டும் சந்திரன் சூரியன் உள்ளவரை. எங்கோ ஒரு போரில் கிடைத்த பொன் காவிரிக்கரைக் கிராமத்துக்கு வந்து, ஆண்டுதோறும் கோயில் விளக்காக எரிகிறது.

அந்தச் செல்வத்தின் உச்சம்தான் கங்கைகொண்டசோழபுரம். சுமார் 55 மீட்டர் உயர விமானம். அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு. தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களோடு சீனப் பீங்கான் ஓடுகளும் வந்தன. கருங்கல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் விளையும் பொருள் அல்ல. தொலைவிலிருந்து வண்டிகட்டி வந்தது. தொலைவிலிருந்து வந்தது கருங்கல் மட்டுமில்லை. இந்த வட்டாரத்துக் காளி கோயிலில் கலிங்கத்துச் செம்மணற்கல் சிற்பங்களைப் பார்க்கலாம். பெரிய கோயிலுக்குள்ளேயே சாளுக்கிய பாணியில் ஒரு சூரிய பீடம் இருக்கிறது. ராஜேந்திரன் மகன் ராஜாதிராஜன் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கிவந்து, தூக்கிவந்ததைப் பீடத்திலேயே எழுதியும் வைத்தான். இப்போது அது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் மதில் பறிபோன கதையைச் சொல்லும்போது நமக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கலிங்கத்து ஊர் ஒன்றில் ஒரு காளி கோயில் காலியான நாளும் இருந்திருக்கிறது. அங்கேயும் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "காளியைப் பாக்கணும்னா சோழ தேசத்துக்குத்தான் போகணும்" என்று யாரிடமோ சொல்லியிருப்பார்.

*

ராஜேந்திரன் ஒரு வெற்றித்தூணும் நிறுவினான். அது கல் தூண் இல்லை, ஏரி. கங்கை நீரைக் கொண்டுவந்து கொட்டிய இந்தச் சோழகங்கத்தை நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. இன்றைக்குப் பொன்னேரி.

புகழ்மொழியை ஒதுக்கிவிட்டு வேலையை மட்டும் பார்த்தாலும் இது சாதாரணமில்லை. 1855-இல் அச்சான ஒரு குறிப்பை நீலகண்ட சாஸ்திரி தன் சோழர் வரலாற்று நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை, அதாவது கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால். குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி காடாகக் கிடந்தது. படையெடுத்து வந்த ஏதோ ஒரு சேனை வேண்டுமென்றே கரையை உடைத்தது என்பது அப்போது ஊரில் இருந்த பேச்சு.

அந்தப் பேச்சு உண்மையோ இல்லையோ, இந்த நிலத்தில் போர் செய்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கோட்டையை விழுத்த மாசக்கணக்கில் ஆகும், ஏரிக்கரையை வெட்ட ஒரு ராத்திரி போதும். கோட்டையை மறுபடி கட்டிக்கொள்ளலாம். 60 மைல் வாய்க்காலைத் தூர்வார ஊர் ஊராக ஆள் திரட்டும் அரசு ஒன்று வேண்டும். 1279-க்குப் பிறகு சோழ அரசு இல்லை. சுமார் 250 வருஷம் தலைநகராக இருந்த ஊர் மெதுவாகக் கிராமமாகச் சுருங்கியது. அரண்மனைச் செங்கல் ஒவ்வொரு வீட்டுச் சுவராகவும் போனது. கோயில் நின்றது. நின்ற கோயிலையும் பின்னால் கோட்டையாகப் பயன்படுத்தினார்கள். மதிலின் தென்மேற்கு மூலையில் பெரிய கொத்தளம் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். சாமிக்குக் கட்டிய மதில் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கவும் உதவியது.

*

எந்தத் துப்பாக்கி என்று கேட்டால் கொஞ்சம் மேற்கே, எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் வர வேண்டும்.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெரம்பலூர் தாண்டியதும் ஒரு கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ரஞ்சன்குடி. பெரும்பாலும் அந்த நேரத்தில் பஸ்ஸில் படம் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் மோதினார்கள். சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை, முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. வாலிகண்டபுரத்துப் பக்கம் இரண்டு படைகளும் எதிரெதிரே வந்து நின்றன. கோட்டைக்குப் பொறுப்பானவர் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் சண்டை வந்தபோது கேப்டன் ஜிஞ்ஜென்ஸின் ஆங்கிலப் படை பீதியில் குலைந்து பின்வாங்கியது. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி வரைக்கும் ஓட்டம். அந்தப் படையில், உணவும் சாமானும் வாங்கிச் சேர்க்கும் வேலையில் 25 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். திருச்சியில் அடைபட்ட முகமது அலியைக் காப்பாற்ற, எதிரியின் தலைநகரான ஆற்காட்டையே போய்ப் பிடிக்கலாம் என்ற திட்டத்தோடு அதே வருஷம் அவர் கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு முந்தின தோல்வி எங்கள் ஊர்ப் பொட்டலில் நடந்தது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இந்தப் போர் ராஜேந்திரன் போரிலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபட்டது. ராஜேந்திரன் போருக்குப் போய்ப் பணம் கொண்டுவந்தான். முகமது அலி கடன் வாங்கிப் போருக்குப் போனார். துப்பாக்கி, பீரங்கி, மாசச் சம்பளத்துக்குச் சண்டை போடும் பயிற்சி பெற்ற சிப்பாய் எல்லாம் கம்பெனியுடையது. அதற்குக் கணக்கெழுதிக் கம்பெனி பில் நீட்டியது. கட்டப் பணமில்லாத நவாப், கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் பெரிய வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடு என்ன? மாவட்டங்களின் நில வரி. இன்னும் அறுவடையாகாத நெல். இந்தக் கடன் மாயத்தைப் பற்றி 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசினார். பால் பென்ஃபீல்ட் போன்ற கடன்காரர்களை அந்தப் பேச்சு கிழித்துத் தொங்கவிட்டது. ஆனாலும் கடன் நின்றது.

கடனுக்கு வசூல் வேண்டும், வசூலுக்கு நிலம் வேண்டும். 1765-இல் நவாப்பின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைப் பறித்தன. கங்கைகொண்டசோழபுரம் இந்த உடையார்பாளையத்துக்குள்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆண்ட பாளையக்காரர்கள் கடைசியில் கம்பெனி கொடுத்த பட்டயத்தோடு சின்ன ஜமீன்தார்களாகச் சுருங்கினார்கள். 1799-இல் தஞ்சை, 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. ஒரு நாட்டையே கடன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய இடங்களில் நம்முடையதும் ஒன்று.

*

நிலம் கைக்கு வந்ததும்தான் கம்பெனிக்கு ஒரு விஷயம் உறைத்தது. டெல்டாவில் நில வரி என்றால் தண்ணீர். தண்ணீர் வராவிட்டால் வசூல் வராது. தண்ணீரோ வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஆற்றுக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். பாசனம் எல்லாம் காவிரியில், ஆனால் கொள்ளிடம் தாழ்வானது, நேரானது. தண்ணீர் எளிதான வழியைத்தானே பிடிக்கும்? வருஷா வருஷம் காவிரி வாயில் மணல் மேடிட, கொள்ளிடம் இன்னும் ஆழமாகி, டெல்டாவின் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போனது.

இதைத் தீர்க்க வந்தவர் ஆர்தர் காட்டன். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, அணைக்கரையில் கீழணை. இரண்டும் 1836. அப்போது அவருக்கு வயது 33. மேலணை கொள்ளிடத்தை மறித்துக் காவிரிக்குள் தண்ணீரைத் தள்ளும். அதனால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியை நம்பியிருந்த சிதம்பரம், சீர்காழிப் பக்கம் காய்ந்துவிடக் கூடாது இல்லையா? அதற்குத்தான் கீழணை. மிச்சமாக வரும் தண்ணீரைப் பிடித்து வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும்.

பொறியியலாகப் பார்த்தால் பெரிய சவால் ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அடியில் பாறை கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் மணல். மணல்மேல் அணை நிற்குமா? அன்றைய பாடப் புத்தகத்தில் பதில் இல்லை, கல்லணையில் இருந்தது. கரடுமுரடான பெரிய கற்களை மணலில் போட்டு, அவை புதையப் புதைய மேலே இன்னும் போட்டு, இனிப் புதையாது என்ற நிலையில் மேலே கட்டுவது. இந்த நுட்பத்தை இங்கிருந்த பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். கொள்ளிடத்தில் பழகிய கையோடுதான் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். ஆந்திராவில் அவருக்கு இன்றும் மாலை விழுகிறது. காவிரிக்கரையில் யாரோ பெயர் தெரியாதவர்கள் கண்டுபிடித்த ஒன்று, ஒரு ஆங்கிலேயர் வழியாகக் கோதாவரிக்குப் போனது.

மணலில் போடக் கல் வேண்டும். டெல்டாவில் கூழாங்கல்கூடத் தேடித்தான் எடுக்க வேண்டும், கருங்கல்லுக்கு எங்கே போவது? ஆனால் அணைக்கரையிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், ஏற்கெனவே வெட்டி, சதுரம் பிடித்து, அடுக்கிவைத்த கல் மலைபோல் இருந்தது. காவலுக்குப் படை இல்லை. ராஜா இல்லை. சட்டமும் இல்லை. தொல்லியல் துறை பிறந்தது 1861-இல், பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது 1904-இல்.

அந்த 1855 குறிப்பு இதைச் சொல்லும்போது அதன் குரல் மாறுகிறது. கோயிலின் அழகான கருங்கல் வேலைப்பாடுகளில் பெரும்பகுதியைக் கழற்றினார்கள். சுற்றுமதிலை ஏறக்குறைய முழுவதுமாக இடித்தார்கள். அந்த ஊர் ஏழை ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். அரசு ஆட்களுக்கு அந்தக் கல்மேல் எந்த உரிமையும் இல்லை என்பதையும் குறிப்பு சொல்கிறது. தடுத்தவர்களுக்குக் கிடைத்தது, அதிகாரத்தை அவமதித்ததற்கான தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். கட்டித் தரவில்லை.

எழுதியவர் வெள்ளைக்கார ஆட்சியின் காலத்தில், அந்த ஆட்சியின் மொழியில் எழுதியவர். அவருக்கே மனசு கேட்கவில்லை என்பது தெரிகிறது.

*

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையை இரண்டு விதமாக முடிப்பது ரொம்பச் சுலபம். ஒன்று, வெள்ளைக்காரன் நம் கோயிலை இடித்தான் என்று கத்திவிட்டு முடிப்பது. இன்னொன்று, கல் கிடந்து என்ன பிரயோஜனம், தண்ணீர் வந்ததே என்று தோளைக் குலுக்கிவிட்டு முடிப்பது. நான் இரண்டையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே முழுசாக ஒட்டவில்லை.

கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் வீராணம் ஏரி. அதுவும் சோழர் வேலைதான். முதலாம் பராந்தகன் காலத்தது, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரைத் தாங்கியது. புதிய வீராணம் திட்டம் 2004-இல் முடிந்து, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் திட்டம். சென்னையில் நான் வாடகைக்கு இருக்கும் பகுதிக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். மதிலுக்காகக் கோபப்பட்டு இந்தக் கட்டுரையை எழுதும்போது மேஜையில் இருக்கும் சொம்புத் தண்ணீர் அந்த மதில் கல்லைத் தொட்டுவிட்டு வந்தது. அப்புறம் எந்த முகத்தோடு கத்துவது?

அதே 2004-இல்தான் கங்கைகொண்டசோழபுரம் கோயில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சை 1987-லேயே சேர்ந்துவிட்டது. மதில் போன கோயிலுக்கு உலக மரியாதையும், மதிலால் தேக்கிய தண்ணீருக்குத் தலைநகரக் குழாயும் ஒரே வருஷத்தில் கிடைத்தன. இரண்டு செய்தியையும் ஒன்றாக வைத்து யாரும் அன்றைக்குப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

சரி, தண்ணீர் வந்ததே என்று விட்டுவிடலாமா? வந்தது யாருக்கு என்று வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். கீழணை வாய்க்கால்கள் கிழக்கே காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், சீர்காழி என்று போகின்றன. கங்கைகொண்டசோழபுரம் மேட்டுப் பக்கம். கல்லைக் கொடுத்த ஊருக்கு அந்த அணையின் தண்ணீர் ஏறாது. அவர்களுக்கு மழை, கிணறு, மிச்சமிருக்கும் பொன்னேரி. ராஜேந்திரன் 60 மைலுக்கு வாய்க்கால் வெட்டி எந்தக் கொள்ளிடத்துத் தண்ணீரை இந்த மேட்டுக்கு ஏற்றினானோ, அதே கொள்ளிடத்தைத் தாழ்வான பக்கம் திருப்புவதற்கு இந்த ஊர்க் கல்லே போனது.

பொது நன்மை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். நன்மை பொதுதான். விலையை மட்டும் ஏதாவது ஒரு ஊர் தனியாகக் கட்டுகிறது. 1836-இல் அந்த ஜனங்கள் அணையே வேண்டாம் என்று சொன்னதாகக் குறிப்பில் இல்லை. தங்கள் மதிலை எடுக்காதே என்றார்கள். எடுத்த பிறகு அவர்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கு. செங்கல் மதில். அணை கட்டும் செலவில் அது எத்தனை காசு பெறும்? அணைக்குக் கணக்கு எழுதியவர்கள் வரவேண்டிய வரியை எல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த மதில் மட்டும் எந்த ஏட்டிலும் கடனாக ஏறவில்லை. நவாப்பின் கடனைக் காசு விடாமல் வசூலித்த அதே கம்பெனி, தான் பட்ட இந்தக் கடனை மறந்தே போனது.

இது பழைய கதை என்று நினைத்தால் அரியலூர் மாவட்டத்தைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். 1990களில் ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காகக் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை. கொடுத்த நிலத்துக்குச் சரியான விலை கேட்டு விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அரசு முடிவெடுத்தது. நான் வந்த பஸ்ஸை மறித்துக்கொண்டு போன லாரிகளில் இருந்த சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான். இந்த ஊர்த் தரைக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்ததன் மிச்சம் அது. சிமெண்டாகி எங்கெங்கோ பாலமாகவும் அடுக்குமாடியாகவும் நிற்கப் போகிறது. குழி இங்கேயே இருக்கும்.

சிமெண்டே வேண்டாம், அணையே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல நான் குடிக்கும் தண்ணீர் விடாது. ஒரு பெரிய காரியத்தின் ஆண்டைப் படிக்கும்போது அதற்கு யார் கல் கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன சொல்லி எடுத்தார்கள், சொன்னதைச் செய்தார்களா என்று மூன்று கேள்வி கேட்டுப் பழகலாம் என்றுதான் சொல்கிறேன். கடாரத்துக்கும் அதையே கேட்கலாம், கல்யாணபுரத்துத் துவாரபாலகருக்கும் கேட்கலாம், நம் ராஜா என்பதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

*

அன்றைக்குச் சாயங்காலம் அணைக்கரைக்கும் போனேன். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கரையில் மீன் வறுக்கும் வாசனை. மதகுகளுக்குக் கீழே நுரைத்துக்கொண்டு தண்ணீர். எது மதில் கல் என்று பிரித்துப் பார்க்கும் எண்ணத்தோடு கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தேன். 1836-க்குப் பிறகு எத்தனையோ தடவை பழுது பார்த்துப் பூசியாகிவிட்டது. அங்கே அது அணையின் கல், அவ்வளவுதான்.

டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவரிடம் நான் கேட்ட கடைசிக் கேள்வி, "உங்களுக்கு அதுல வருத்தம் உண்டாங்க ஐயா?"

அவர் கிளாஸைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"கல்லுக்கு என்னங்க தம்பி, நாலு ஊரு வெளையட்டும்னு போச்சு. போனது போவட்டும். செங்கல்லுல கட்டித் தர்றேன்னானே, அதையாவது கட்டிட்டுப் போயிருக்கலாம்."

பிறகு பஸ் வந்துவிட்டது.